டக்ட் ஃபிட்டிங்: மேசையிலேயே தகட்டைக் கெடுக்கும் தவறுகள்

டக்ட் வேலைக்கு, அதாவது காற்று போகும் தகட்டுக் குழாய் செய்யும் வேலைக்கு, புதிதாக வரும் பையன்கள் யாரும் புதுத் தவறு செய்வதில்லை. நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் எந்த இடத்தில் தகட்டைக் கெடுத்தோமோ, அதே இடத்தில், அதே நம்பிக்கையோடு கெடுக்கிறார்கள். கையுறை போடுங்கள், ஸ்னிப்பை (தகட்டுக் கத்தரியை) நுனிவரை மூடி வெட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைக் கையே சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இங்கே சொல்லப்போவது கை தானாகக் கற்றுக்கொள்ளாத சிலவற்றை. தகடு மேசையில் தட்டையாகக் கிடக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். மடித்து, விளிம்புகளைப் பூட்டும் லாக்கை அடித்து முடித்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அப்போது பிரித்துத் திருத்தவும் முடியாது.

உள் அளவா, வெளி அளவா என்று கேட்காமல் தொடங்குவது

படத்தில் 600-க்கு 300 என்று போட்டிருக்கும். உள்ளே 25 மி.மீ. லைனிங் ஒட்டப்போகிறார்கள் என்றால் அந்த 600 எதன் அளவு? லைனிங் போக காற்றுக்கு மிஞ்ச வேண்டிய அளவு என்றால் தகட்டை 650-க்கு 350 ஆகச் செய்ய வேண்டும். கேட்காமல் 600-க்கு 300 தகட்டில் செய்து அதற்குள் லைனிங்கை ஒட்டினால் காற்றுக்குக் கிடைப்பது 550-க்கு 250, அதாவது பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. ஃபிட்டிங் (செய்து முடித்த டக்ட் துண்டு) பார்க்க நன்றாகவே இருக்கும், அடுத்த துண்டோடும் பொருந்தும், ஏனென்றால் அடுத்த துண்டையும் அதே ஆள் அதே தவறோடுதான் செய்திருப்பார். படம் தந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை அந்தப் படத்திலேயே எழுதி வையுங்கள், நாளைக்குப் பேச்சு மாறாது.

புதுத் தகட்டின் மூலை சதுரமாக இருக்கும் என்று நம்புவது

நம்பாதீர்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாய்ந்த பக்கத்துக்கு நேர் நீளத்தைப் போடுவது

இந்த ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். இதைத் தவிர்க்க ஒரு டேப்பும் ஒரு சதுரமான மூலையும் போதும், கணக்குக்கூட வேண்டாம், அப்படியும் செய்கிறார்கள்.

ஒரு சாதாரண டிரான்சிஷனை, அதாவது ஓர் அளவு வாயிலிருந்து இன்னோர் அளவு வாய்க்குப் போகும் துண்டை, எடுத்துக்கொள்வோம். பெரிய வாய் 600 அகலம், சின்ன வாய் 400 அகலம், உயரம் இரண்டிலும் 300. நீளம் 500. ஒரு பக்கம் நேராக ஓட வேண்டும், மறு பக்கம் 200 உள்ளே சாய்ந்து வர வேண்டும். மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் புதியவர்கள் பெரும்பாலும் சரியாகவே வரைந்துவிடுவார்கள், படத்தில் தெரிகிற உருவம்தான் தகட்டிலும் வரப்போகிறது. நேர்ப் பக்கம் 500-க்கு 300, அதிலும் சிக்கல் இல்லை. சாய்ந்த பக்கத்துக்கு வந்ததும், படத்தில்தான் நீளம் 500 என்று போட்டிருக்கிறதே என்று அதையும் 500-க்கு 300 ஆக வெட்டிவிடுவார்கள். அந்த 500 என்பது ஒரு வாயிலிருந்து மறு வாய்வரை நேராகப் போகிற தூரம். இந்தத் தகடு அப்படிப் போகவில்லையே. 500 முன்னால் போய்க்கொண்டே 200 ஒதுங்குகிறது. அதன் உண்மை நீளம் 538.5.

ஒரு தம்பி இதை எனக்குப் பக்கத்து மேசையிலேயே செய்தான். நான் திரும்பிப் பார்த்தபோது லாக் அடித்து முடித்திருந்தான், சாய்ந்த பக்கத்தில் மேல் தகடும் கீழ்த் தகடும் 38 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் ஸ்கேலை வைத்து, நேர்ப் பக்கத்து முனையிலிருந்து சாய்ந்த பக்கத்து முனைக்கு ஒரு கோடு இழுத்து, நீட்டிக்கொண்டிருந்ததை அழகாக வெட்டி எடுத்துவிட்டான். கீழே விழுந்த அந்த முக்கோணத் துண்டுகள்தான் சரியான அளவில் வந்திருந்த தகடு! நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டும் குப்பைப் பெட்டிக்குப் போய்விட்டன.

அதனால் என்ன ஆகும்? அப்படி வெட்டியதும் சின்ன வாய் பெரிய வாய்க்கு இணையாக இருக்காது, சுமார் 5 டிகிரி திரும்பி நிற்கும். சரிவு முடிவதற்கு முன்பே வெட்டிவிட்டதால் வாயின் அகலமும் 400 இல்லை, 416 பக்கம் வரும். கிளீட் (இரண்டு துண்டின் முனைகளைச் சேர்க்கும் பட்டை) ஏறாது. ஏறவில்லை என்றதும் மேலட் சுத்தியலை எடுத்துத் தட்டி, ஓரத்தை நசுக்கி, எப்படியாவது ஏற்றிவிடுவார்கள், மீதி இடைவெளிக்கு சீலன்ட். 5 டிகிரி கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதைத் தொடர்ந்து 3 மீட்டர் நேர் டக்ட் ஓடினால் அதன் முனை கால் மீட்டருக்கு மேல் விலகிப் போய் நிற்கும். மேலே மாட்டுகிறவர் டக்ட்டைத் தொங்கவிடும் ஹேங்கரை இழுத்துப் பார்ப்பார், அடுத்த துண்டைக் குறை சொல்வார், கடைசியில் யாராவது நடுவில் வளையும் ஃபிளெக்சிபிள் குழாயைச் செருகிவிடு என்பார்கள். மூன்று துண்டு தள்ளி இருக்கிற டிரான்சிஷனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

500 என்று வெட்டியதைக்கூட விட்டுவிடலாம், ஒரு பக்கத் தகடு போகும், வேறு வெட்டிக்கொள்ளலாம். லாக் போடுவதற்கு முன்பு இரண்டு விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த 38 மி.மீ. அங்கேயே தெரிந்திருக்கும். பொருந்தாத இடத்தில் ஏன் பொருந்தவில்லை என்று யோசிக்காமல் ஸ்னிப்பை எடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உண்மை நீளத்தை எடுப்பது எளிது. சதுரம் பார்த்த ஒரு தகட்டு மூலையில் ஒரு விளிம்பில் 500-ஐக் குறியுங்கள், மறு விளிம்பில் 200-ஐக் குறியுங்கள், இரண்டு குறிக்கும் குறுக்கே டேப்பைப் பிடியுங்கள். 538.5 வரும். ஒதுக்கம் எவ்வளவு இருந்தாலும் இதே வழிதான்.

இரண்டு திசையில் சாயும்போதுதான் இது முழு விளையாட்டையும் காட்டும். 600-க்கு 400 வாய், 400-க்கு 250 ஆகச் சுருங்குகிறது, நீளம் அதே 500, ஒரு பக்கமும் அடியும் நேர். இப்போது மேல் தகடும் 150 இறங்குகிறது, எனவே மேல் தகட்டையும் படத்தில் தெரிகிறபடி 500 என்று வரைய முடியாது, அதன் சரிவு நீளம் 522. சாய்ந்த பக்கத்துக்கு 538.5. இரண்டு சரிவும் சந்திக்கிற மூலை விளிம்பு 559. ஆக ஒரே ஃபிட்டிங்கில் நான்கு மூலைக்கும் நான்கு நீளம்: 500, 522, 538.5, 559. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு தகடு சேருகிறது. அந்த இரண்டிலும் சேரும் விளிம்பு ஒரே நீளமா என்று வெட்டுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். நான்கு ஜோடியும் ஒத்துப்போனால் தைரியமாக வெட்டலாம்.

வட்டத்தை டிவைடரால் நடந்து அளப்பது

சதுரத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் ஃபிட்டிங்கில் வட்டத்தை 12 ஆகப் பிரிப்பது வழக்கம். மேலிருந்து பார்க்கும் படத்தில் ஒரு பாகத்தை டிவைடரால் (இரண்டு முனையும் கூராக இருக்கும் கவராயம்) எடுத்து, அதை அப்படியே பேட்டர்னில், அதாவது தகட்டில் விரித்து வரைகிற உருவத்தில், 12 முறை நடத்திவிடுகிறார்கள். டிவைடர் எடுப்பது வில்லின் நாணை, வில்லை அல்ல. 300 மி.மீ. வட்டத்துக்கு நாண் 77.6, வில் 78.5. ஒரு தடவைக்கு 1 மி.மீ.கூட இல்லையே என்று தோன்றும். 12 தடவை நடந்தால் சுற்றளவு 942-க்குப் பதில் 931 பக்கம் நிற்கும், வட்டம் 300 இல்லை, 297-ஐக்கூடத் தொடாது. சுற்றளவை 12-ஆல் வகுத்து டிவைடரை அந்த அளவுக்குத் திறந்து வையுங்கள்.

இதிலேயே இன்னொன்று. சதுர வாய்க்கு நடுவில் வட்டம் இருந்தால் ஒரு மூலையிலிருந்து போகும் நான்கு கோட்டுக்கும் இரண்டே நீளம்தான், ஓரத்தில் இருப்பவை ஒன்று, நடுவில் இருப்பவை ஒன்று. அதில் பழகிவிட்டு செவ்வக வாய்க்கும் இரண்டு நீளத்தோடு நிறுத்துகிறார்கள். செவ்வகத்தில் நான்கும் வேறு வேறு.

லாக்கின் பையை வளைந்த விளிம்பில் வைப்பது

பிட்ஸ்பர்க் லாக்கில் ஒரு தகட்டின் விளிம்பு பை போல மடிந்திருக்கும், மற்றதன் ஒற்றை மடிப்பு அதற்குள் போகும். எல்போவில், அதாவது டக்ட் திரும்பும் வளைவுத் துண்டில், பை எந்தத் தகட்டில், ஒற்றை மடிப்பு எந்தத் தகட்டில் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பை, உள்வளைவுக்கும் வெளிவளைவுக்கும் போகிற நேர்ப்பட்டைகளில். தட்டையாக இருக்கும்போதே லாக் மெஷினில் ஓட்டிவிட்டு, பிறகுதான் வளைக்க வேண்டும். வளைந்த விளிம்புள்ள பக்கத் தகட்டில் ஒற்றை மடிப்பு மட்டும், 6 மி.மீ. போதும். இதை மாற்றி, பக்கத் தகட்டில் 25 மி.மீ.க்கு மேல் விட்டு வெட்டிக் கொண்டுவந்து, மெஷினில் எப்படி ஓட்டுவது என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்ட முடியாது.

பைக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதை இன்னொருவர் சொன்ன எண்ணை வைத்து வெட்டாதீர்கள், மெஷினுக்கு மெஷின் மாறும். சரியாக 100 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டை வெட்டி ஓட்டுங்கள். ஓட்டிய பிறகு முகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் விட வேண்டியது, அதை மெஷின் மேலேயே எழுதி வையுங்கள்.

கை மாறிய ஃபிட்டிங்

ஆஃப்செட் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். செய்து முடித்துத் தூக்கிப் பார்த்தால் இடது பக்கம் ஒதுங்கி நிற்கும். அளவு எல்லாம் சரி, மடிப்பு எல்லாம் சுத்தம், ஆனால் எதற்கும் உதவாது. எல்லா மடிப்பையும் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டால் ஃபிட்டிங் கண்ணாடியில் தெரிகிற உருவமாகிவிடும், அவ்வளவுதான் நடந்தது.

எல்லோரும் பழகுவது இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் 90 டிகிரி எல்போவில். அதன் பக்கத் தகட்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் பொருந்தும், எனவே இரண்டையும் ஒன்றாக அடுக்கி வெட்டி, இரண்டின் விளிம்பையும் ஒரே பக்கமாக மடித்துப் பழகிவிடுகிறார்கள். ஒரு முனையில் நீட்டல் இருக்கிற எல்போ வந்ததும் அதே பழக்கம் இரண்டு வலது பக்கத் தகடுகளைத் தரும், இடது ஒன்றுகூட இருக்காது. ஜோடித் தகடுகளை வெட்டியதும் ஒன்றைப் புரட்டிப் போட்டு, இரண்டிலும் மேலே தெரிகிற முகத்தில் ‘உள்’ என்று மார்க்கரால் எழுதிவிட்டு மடிக்கப் போங்கள். காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி, மேல் பக்கம் எது, துண்டின் எண் என்ன, இதையும் அப்போதே எழுதுங்கள். மடித்த பிறகு எழுதுகிறவர்கள் தப்பாகத்தான் எழுதுகிறார்கள்.

மடிக்கும் கோட்டை ஸ்க்ரைபரால் கீறுவது

ஸ்க்ரைபர் வெட்டும் கோட்டுக்கு மட்டும். மடிக்கும் கோட்டுக்கு மார்க்கர். பூச்சு கீறிய மடிப்பில்தான் முதலில் துரு பிடிக்கும்.

முந்தைய குறியிலிருந்து அடுத்த குறியை அளப்பது

எல்லாக் குறியையும் ஒரே விளிம்பிலிருந்து அளங்கள்.

உள்வளைவைக் குறைத்துத் தகடு மிச்சம் பிடிப்பது

எல்போவின் உள்வளைவு ஆரம் டக்ட்டின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் நடுக்கோட்டின் ஆரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு வரும், காற்று முரண்டு பிடிக்காமல் திரும்பும். இடம் இல்லாமல் குறைப்பது வேறு விஷயம், அங்கே உள்ளே வேன் (காற்றைத் திருப்பிவிடும் தகடு) வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இடம் இருந்தும் தகடு மிச்சமாகட்டும் என்று ஆரத்தைக் குறைத்தால் அந்த எல்போ ஓடுகிற வரைக்கும் சத்தம் போடும், ஃபேனுக்கும் சுமை.

90 டிகிரி எல்போவில் பட்டையின் நீளத்துக்கு ஆரத்தை 1.57-ஆல் பெருக்குங்கள். 400 அகல டக்ட்டில் உள்வளைவு ஆரம் 400 என்றால் உள்பட்டை 628, வெளிப்பட்டைக்கு ஆரம் 800, எனவே 1,256. இதோடு இரண்டு முனையிலும் 50 மி.மீ. நேர் ஓட்டம் சேர்க்க வேண்டும். பட்டையில் சேர்த்துவிட்டுப் பக்கத் தகட்டில் மறந்துவிடுகிறார்கள், அல்லது இரண்டிலும் மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் மறந்த எல்போ அழகாகப் பூட்டும், முனைவரை வளைந்தே இருப்பதால் கிளீட் உட்கார மட்டும் இடம் இருக்காது.