இன்சூரன்ஸ் கம்பெனி தரும் வக்கீல்: கலிபோர்னியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உங்களால் அடிபட்டோம், நஷ்டப்பட்டோம் என்று யாராவது உங்கள் மேல் வழக்குப் போட்டு, அது உங்கள் பாலிசியில் அடங்கக்கூடியதாக இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனியே வக்கீல் வைத்து வாதாடும். கூடவே ஒரு கடிதமும் வரலாம்: வழக்கை நடத்துகிறோம், ஆனால் இழப்பீட்டைக் கட்ட மறுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று. ஏதோ சம்பிரதாயக் கடிதம் என்று அதை பீரோவில் போட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

விருந்துக்கு வந்தவரோடு வாக்குவாதம், நீங்கள் தள்ள, அவர் படியில் விழுந்து கால் முறிந்தது என்று வையுங்கள். கை தவறிப் பட்டது என்றால் பாலிசி கட்டும். வேண்டுமென்றே தள்ளினீர்கள் என்றால் கட்டாது. ஆக, வழக்கு தோற்றாலும் எந்தக் காரணத்தால் தோற்கிறது என்பதில் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாட்சியிடம் எதைக் கேட்பது, எதை விடுவது என்பதோ அவர்கள் சம்பளம் கொடுக்கும் வக்கீல் கையில். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், இரண்டு பேருக்கு எப்படி உழைப்பார்? 1984-இல் கியூமிஸ் வழக்கில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது: இப்படி நலன்கள் மோதினால் வக்கீலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கம்பெனி பணம் தர வேண்டும். 1987-இல் இது சிவில் சட்டம் 2860-ஆவது பிரிவானது.

அதற்காக, கடிதம் வந்தாலே தனி வக்கீல் கிடைத்துவிடும் என்று துள்ளவும் வேண்டாம். பாலிசி கட்டுமா என்று கம்பெனி எழுப்பும் சந்தேகத்தின் முடிவை, வழக்கை நடத்தும் வக்கீல் திருப்ப முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால்தான் தனி வக்கீல். சம்பவத்தன்று பாலிசி நடப்பில் இருந்ததா என்பது மட்டுமே சிக்கல் என்றால், பொதுவாக அவரால் அதை மாற்ற முடியாது. கேட்கும் தொகை பாலிசி வரம்பைத் தாண்டுகிறது என்பது மட்டும் காரணமாகாது. தண்டனை இழப்பீடு, அதாவது நஷ்டத்துக்கு மேல் தண்டிப்பதற்காகவே ஒரு தொகை, கேட்டிருப்பதும் அப்படியே.

ஊரிலேயே விலை உயர்ந்த வக்கீலைப் பிடிப்பதும் வீண். அந்தப் பகுதியில் இதே மாதிரி வழக்குகளுக்குக் கம்பெனி வழக்கமாகத் தரும் கட்டணம்தான் உச்சவரம்பு. மிச்சம் உங்கள் தலையில். வக்கீலுக்குக் குறைந்தது 5 வருட சிவில் வழக்கு அனுபவம் வேண்டும் என்றும் கம்பெனி கேட்கலாம். கட்டணத் தகராறு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவரிடம் போகும்.

நம்ம வக்கீல்தானே என்று கம்பெனிக்கு எதையுமே சொல்லாமல் இருப்பதும் சரியல்ல. வழக்குக்குத் தேவையான தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும். பாலிசி தகராறு சம்பந்தமாக வக்கீலோடு பேசிய ரகசியம் மட்டும் விலக்கு.

அப்புறம் ஒரு படிவம். தனி வக்கீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சட்டமே ஒரு வாசகம் வைத்திருக்கிறது. மற்ற காகிதங்களோடு அதுவும் கையெழுத்துக்கு வந்தால், வேறு வக்கீலிடம் காட்டாமல் பேனாவை எடுக்காதீர்கள்.