அமெரிக்கத் தெற்கின் காராமணிச் சமையல்: முதன்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஜனவரி 1 அன்று பல வீட்டு அடுப்புகளில் கொதித்துக்கொண்டிருப்பது காராமணிதான். நாம் சுண்டலும் குழம்பும் வைக்கிற அதே கறுப்புக் கண் பயறு. சிலர் தட்டைப்பயறு என்பார்கள், இலங்கையில் கௌபி. அங்கே அதைப் புகைபோட்ட பன்றி எலும்போடு சேர்த்து மெதுவாக வேகவைத்து, சோற்றோடும் கீரையோடும் மக்காச்சோள ரொட்டியோடும் சாப்பிடுகிறார்கள். பயறு சில்லறைக் காசு, கீரை பண நோட்டு, ரொட்டி தங்கம், மூன்றையும் தின்றால் வருஷம் முழுக்கக் கையில் காசு புழங்கும் என்பது நம்பிக்கை.

இதற்குப் பெரிய கைப்பக்குவம் எதுவும் வேண்டாம், பொறுமை மட்டும் வேண்டும். ருசியெல்லாம் பயறு வேகிற தண்ணீரில்தான் இருக்கிறது, பாட்லிக்கர் என்று அங்கே அதைக் கொண்டாடுவார்கள். அதனால் குக்கரை இன்றைக்கு உள்ளேயே வைத்துவிடுங்கள். நாலு விசிலில் பயறு குழைந்து, தண்ணீர் சப்பென்று நிற்கும், அப்புறம் என்ன தாளித்துக் கொட்டினாலும் அது இந்தச் சாப்பாடு ஆகாது.

ஆறு பேருக்குத் தேவையானவை:

காராமணி 450 கிராம்
புகைபோட்ட பன்றிக் கணுக்கால் (ஹாம் ஹாக் என்று கேட்டு வாங்குங்கள்) பெரியது 1
பெரிய வெங்காயம் 1, செலரித் தண்டு 2, பச்சைக் குடைமிளகாய் 1, பூண்டு 4 பல்
பே இலை 2, காய்ந்த தைம் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மிளகுத்தூள்
எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன்
ஆப்பிள் சைடர் வினிகர் 1 டேபிள்ஸ்பூன்
தண்ணீர் 2 லிட்டர், உப்பு கடைசியில்

பன்றி சாப்பிடாதவர்கள் புகைபோட்ட வான்கோழி இறக்கையோ காலோ வாங்கிக்கொள்ளலாம். அது ஒன்றும் ஒப்புக்கான மாற்று இல்லை, அங்கேயே கறுப்பின மக்களின் வீடுகளில் ஏராளமானோர் அப்படித்தான் சமைக்கிறார்கள். சைவம் என்றால் ஸ்மோக்ட் பாப்ரிகா (புகைபோட்ட குடைமிளகாய் வகைத் தூள்) ஒன்றரை டீஸ்பூன், எண்ணெய் இன்னும் கொஞ்சம் தாராளமாக, தண்ணீரில் ஒரு கைப்பிடி காய்ந்த காளான். அதே ருசி வராது, ஆனால் நன்றாகவே இருக்கும்.

பே இலை விஷயத்தில் கவனம். நம் கடைகளில் பிரியாணிக்கு விற்கிற பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும், பட்டை வாசனை அடிக்கும். அது வேறு மரம். இங்கே வேண்டியது நடுவில் ஒரே நரம்பு உள்ள சின்ன இலை. கிடைக்காவிட்டால் இலையே இல்லாமல் செய்யுங்கள், பிரிஞ்சி இலையைப் போட்டால் பாத்திரம் முழுக்கக் குருமா வாசனைதான். மிளகாய்த்தூளும் வெறும் மிளகாய்த்தூளாக இருக்கட்டும், மல்லி கலந்த குழம்புத்தூள் வேண்டாம்.

முதல் வேலை எலும்பு. அடி கனமான பெரிய பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரும் கணுக்காலும் பே இலையும் போட்டு, கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி வையுங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மேலே வருகிற நுரையை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு மாறி, மேலே எண்ணெய்க் கண்கள் மிதக்க ஆரம்பிக்கும், வீட்டில் புகைவாசம் பரவும். இந்த ஒன்றேகால் மணி நேரத்தைச் சுருக்கப் பார்க்காதீர்கள், எலும்பையும் பயறையும் ஒன்றாகப் போட்டால் பயறு வெந்து முடியும்போதும் எலும்பு பாதி வேலைகூடச் செய்திருக்காது.

இந்த இடைவெளியில் பயறைக் கல், சொத்தை பார்த்துக் கழுவிவிடலாம். ஊறவைக்க வேண்டுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கொண்டைக்கடலைபோல இதற்கு ராத்திரி முழுக்க ஊறல் தேவையில்லை, தோல் மெல்லியது. நாலு மணி நேரம் ஊறினால் 15 நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். நான் ஊறவைப்பதில்லை.

அப்புறம் ஒரு வாணலியில் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் நடுத்தரத் தீயில் எட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். சிவக்க வேண்டாம், துவண்டால் போதும். பூண்டு, தைம், மிளகாய்த்தூள் போட்டு அரை நிமிடம் பிரட்டி, எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரில் சேர்த்து, கழுவிய பயறையும் போட்டுவிடுங்கள். கணுக்கால் உள்ளேயே இருக்கட்டும்.

இனி 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டால் தோல் தனியாகவும் மாவு தனியாகவும் போய்விடும், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்தால் அதுவே சரியான தீ. பயறு எப்போதும் தண்ணீருக்கு ஒரு விரற்கடை கீழே முங்கியிருக்க வேண்டும், வற்றினால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரத்திலிருந்தே பதம் பார்க்கத் தொடங்குங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஒரே பையில் புதுப் பயறும் பழசும் கலந்திருக்கும். ஐந்தாறு மணிகளைக் கரண்டியில் எடுத்து ஊதிப் பாருங்கள், தோல் சுருண்டு எழும்பினால் நெருங்கிவிட்டது. நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் முழுசாகத் தெரிய வேண்டும்.

வெந்ததும் கணுக்காலை எடுத்து, கைபொறுக்கும் சூட்டில் எலும்பையும் கொழுப்புத் தோலையும் நீக்கி, கறியைப் பிய்த்துத் திரும்பப் போடுங்கள். ஒரு கரண்டிப் பயறைப் பாத்திரத்தின் ஓரத்திலேயே மசித்துக் கலந்தால் சாறு கொஞ்சம் கெட்டியாகும். இப்போதுதான் உப்பு, ஏனென்றால் கணுக்காலிலேயே நிறைய இருக்கிறது, சில சமயம் கால் டீஸ்பூன்கூடத் தேவைப்படாது. மிளகுத்தூளும் வினிகரும் கடைசி. வினிகரையோ தக்காளியையோ முன்னாலேயே போட்டால் புளிப்பு தோலை இறுக்கிப் பயறை வேகவிடாது.

வெள்ளைச் சோற்றின் மேல் சாறோடு ஊற்றி, மேலே வெங்காயத்தாள் தூவிச் சாப்பிடலாம். பக்கத்தில் காரமாக ஏதாவது இருக்க வேண்டும். லூயிசியானாவின் டபாஸ்கோ மிளகாய் சாஸ் இருந்தால் சரி, இல்லாவிட்டால் தெற்கின் சாப்பாட்டு மேசைகளில் இருக்கும் மிளகாய் வினிகரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: சின்னப் பச்சை மிளகாயைக் கீறிச் சுத்தமான பாட்டிலில் நிரப்பி, சூடான வினிகரை மூழ்கும்வரை ஊற்றி, ஆறியதும் மூடி, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைத்தால் தயார். கீரைக்கு அங்கே காலர்ட், கோஸ் இனத்துத் தடித்த இலை. அது கிடைக்காத ஊரில் நூல்கோல் இலையை இதே சாறில் கொஞ்சம் விட்டு வேகவைக்கலாம்.

ஒருமுறை கை பழகிய பிறகு, பயறும் அரிசியும் ஒன்றாகச் சேரும் ஹாப்பின் ஜானுக்குப் போகலாம். தென் கரோலினாக் கடற்கரையில் உருவானது இது. காராமணி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் அங்கே போனது, அந்த ஊர் நெல் வயல்களில் உழைத்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள்தான், பயறையும் அரிசியையும் ஒரே பானையில் சமைப்பது அவர்களுக்குப் புதிதல்ல. கானாவில் இன்றும் தெருவுக்குத் தெரு விற்கும் வாச்சே அப்படிப்பட்டதுதான். 1847இல் சார்ல்ஸ்டனைச் சேர்ந்த சாரா ரட்லெட்ஜ் தன் பெயர் போடாமல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது: ஒரு பவுண்டு பேக்கன் (உப்பிட்ட பன்றிக் கறி), ஒரு பைண்ட் (சுமார் அரை லிட்டர் அளவு) சிவப்புப் பயறு, ஒரு பைண்ட் அரிசி, உப்பு, மிளகு, விருப்பப்பட்டால் ஒரு கொத்துப் புதினா. அவ்வளவுதான், வெங்காயம்கூட இல்லை!

நம் பாத்திரத்திலிருந்து இதைச் செய்ய, சாறை மட்டும் 3 கப் வடித்தெடுத்து, அதில் ஒன்றரைக் கப் நீள அரிசியைக் கழுவிப் போட்டு (பாசுமதி பரவாயில்லை, சாப்பாட்டு அரிசி ஒட்டிக்கொள்ளும்), கொதித்ததும் மூடி, சிறு தீயில் 18 நிமிடம், அணைத்த பிறகு மூடி திறக்காமல் 10 நிமிடம். அப்புறம் 3 கப் பயறையும் கறியையும் முள்கரண்டியால் உடையாமல் கலந்துவிடுங்கள்.

மிஞ்சினால் கவலை வேண்டாம், மறுநாள் சாப்பிடும் ஹாப்பின் ஜானுக்கு ஸ்கிப்பின் ஜென்னி என்று தனிப் பெயரே இருக்கிறது. சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பயறு மூன்று நாள் தாங்கும், இறுகிப்போயிருக்கும், அரைக் கப் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் இளகிவிடும். சோறு கலந்ததை மட்டும் மறுநாளே தீர்த்துவிடுங்கள்.