கென்ய மாணவிகளை அறிவியலுக்கு அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்கப் பெண்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும் என்று உதவ முன்வருகிறவர்கள் பலர். ஆனால் 54 நாடுகளையும் ஒரே ஊராக நினைத்து, எல்லா இடத்துக்கும் ஒரே உரையைக் கொண்டுபோனால் அது எங்குமே ஒட்டாது. ஆகவே இங்கே கென்யாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, காலம் கடந்து போய் நிற்பது. பள்ளியின் இறுதியாண்டு மாணவிகளைக் கூட்டி வைத்து, "பொறியியல் படியுங்கள், உங்களால் முடியும்" என்கிறோம். கேட்கிறவர்களில் பலர் இயற்பியலை எப்போதோ கைவிட்டிருப்பார்கள். 1985இல் வந்த 8-4-4 கல்விமுறையில் (தொடக்கப் பள்ளி 8 ஆண்டு, உயர்நிலைப் பள்ளி 4 ஆண்டு, பல்கலைக்கழகம் 4 ஆண்டு), உயர்நிலைப் பள்ளியின் முதல் 2 ஆண்டுகள் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் எல்லோருக்கும் இருந்தன. 3ஆம் ஆண்டில் அவற்றில் இரண்டு போதுமாக இருந்தது. அங்கேதான் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் இயற்பியலை விட்டுவிட்டார்கள். பொறியியல் கதவும் அன்றைக்கே சாத்திக்கொண்டது. 17 வயதில் யார் வந்து எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அது திறக்காது. இப்போது புதிய கல்விமுறை வந்துவிட்டது. 2026 ஜனவரியில் முதல் அணி 10ஆம் வகுப்புக்குள் நுழைந்தது. அறிவியல்-தொழில்நுட்பம், சமூக அறிவியல், கலை-விளையாட்டு என்ற மூன்று பாதைகளில் ஒன்றை அதற்கு முன்பே தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆக, நாம் பேச வேண்டியது 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம்.

இயற்பியலை ஏன் விட்டாள் என்பதற்கு "ஆர்வமில்லை" என்று நாமே விடை எழுதிக்கொள்வது அடுத்த தவறு. பொதுத்தேர்வில் இயற்பியலுக்குச் செய்முறைத் தாள் தனியாக உண்டு. கருவியைக் கையால் தொடாமலே வளர்ந்த பிள்ளை அந்தத் தாளுக்குப் பயப்படத்தான் செய்வாள். மேடைப் பேச்சுக்கு ஆகும் செலவில் நாலு வோல்ட்மீட்டர் வாங்கிக் கொடுத்தால் அந்தப் பயத்தில் பாதி போகும்.

முன்மாதிரியாக வங்காரி மாத்தாயைச் சொல்லாதவர்கள் இல்லை. மரம் நட்டார், 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார் என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் உயிரியல் படித்தவர் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது. அமெரிக்காவில் படித்த அவர், ஆய்வு உதவியாளர் பணிக்கான கடிதத்தோடு 1966இல் நைரோபி திரும்பினார். வந்து பார்த்தால் அந்த வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. பிறகு கால்நடை உடற்கூறியல் துறையில் சேர்ந்து, 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். பெண் ஆசிரியர்களுக்கும் ஆண்களுக்கு இணையான சலுகைகள் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தோடு போராடவும் செய்தார். கைக்கு வந்த வேலை நழுவியபின் அவர் என்ன செய்தார் என்பதுதான் 14 வயதுப் பிள்ளைக்கு உதவும் கதை.

மாணவிகள் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் நாமே தீர்மானித்துவிடுகிறோம். 2017இல் கிசுமு நகரப் பள்ளி மாணவிகள் 5 பேர் 'ஐ-கட்' என்ற செயலியை உருவாக்கினார்கள். பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு ஆளாகும் அபாயத்தில் உள்ள சிறுமிகள் உதவி கேட்கவும், ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ, சட்ட உதவி தேடவும் அது வழிகாட்டியது. அவர்களுடைய லுவோ சமூகத்தில் அந்தச் சடங்கு கிடையாது. ஆனால் நெருங்கிய தோழி ஒருத்தி அதற்கு ஆளாகிப் பள்ளிக்கே திரும்பவில்லை. வெளியாள் எவரும் கொடுத்திருக்க முடியாத கேள்வி அது.

ஒருநாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2010இல் நைரோபியில் தொழில்நுட்பத் துறைப் பெண்கள் தொடங்கிய அகிராசிக்ஸ் என்ற அமைப்பு, இளம்பெண்களைத் தங்கவைத்து ஓராண்டு முழுக்கப் பயிற்சி தருகிறது. அவ்வளவு காலம் பிடிக்கும் வேலை இது.

தொலைவிலிருந்து வழிகாட்ட நினைப்பவர்கள் வாராவாரம் காணொளி அழைப்பு என்று திட்டம் போடுகிறார்கள். அங்கே விடுதிப் பள்ளிகள் அதிகம். பிள்ளைகள் கைப்பேசி வைத்திருக்க அனுமதி இல்லை. ஏப்ரல், ஆகஸ்ட், ஆண்டிறுதி விடுமுறைகளில்தான் பிடிக்க முடியும். கிராமத்து வீடென்றால் அப்போதும் தண்ணீர் எடுப்பது, விறகு சேர்ப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பாக இருக்கலாம். முதல் அழைப்பை அவள் அம்மாவுக்குப் போடுங்கள். எந்த நேரத்தில் பிள்ளைக்குக் கை ஒழியும் என்று கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் அவளோடு பேசுங்கள்.