எச்ஓஏ வீட்டில் வாடகைக்குக் குடிபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், லிட்டில் எல்ம் பக்கம் தனி வீடு வாடகைக்குத் தேடும் நம் ஆட்கள் எதைத்தான் பார்ப்பதில்லை! பள்ளிக்கூட ரேட்டிங், ஆபீஸ் தூரம், இந்தியக் கடை தூரம், வாசல் எந்தத் திசை என்பது வரைக்கும் பார்க்கிறார்கள். எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "அது ஓனர் பிரச்சினை, சந்தாவை அவர்தானே கட்டுகிறார்" என்று ஒரு நினைப்பு. சந்தா அவருடையதுதான். விதிகள் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும்தான்.

அமெரிக்காவில் சுமார் 7.5 கோடிப் பேர் இப்படி ஏதோ ஒரு குடியிருப்புச் சங்கத்துக்கு உட்பட்ட வீட்டில் வாழ்கிறார்கள். ஊரில் அபார்ட்மென்ட் செக்ரட்டரியை லிஃப்டில் பார்த்து "சார், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிச் சமாளிப்பது இங்கே நடக்காது. பெரும்பாலான சங்கங்கள் அன்றாட வேலையை ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் விட்டிருக்கும். அங்கிருந்து வருகிற ஆளுக்கு உங்களையும் தெரியாது, ஓனரையும் தெரியாது. அவருக்கு வீட்டு எண்ணும் விதிமீறலும்தான் கண்ணில் படும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சங்கத்துக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் நேரடி உறவு கிடையாது. உறுப்பினர் ஓனர்தான். கடிதம் அவருக்குப் போகும், அபராதம் அவர் கணக்கில் ஏறும். ஆனால் உங்களால் வந்த அபராதத்தை நீங்கள் அவருக்குக் கட்ட வேண்டும் என்று லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், ஒரு பத்தி இருக்கும். டெக்சஸில் ரியல்டர்கள் (வீட்டுத் தரகர்கள்) வழக்கமாகப் பயன்படுத்தும் லீஸ் படிவத்திலேயே அது உண்டு. ஆக, சங்கத்தின் முன் நின்று பேச உங்களுக்கு இடமில்லை, பணம் மட்டும் உங்கள் பையிலிருந்து போகும். எச்ஓஏ வீடுகளில் வாடகைக்காரர் படுகிற பாடெல்லாம் இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் வருகிறது.

விதிகளைப் பார்க்காமல் லீஸில் கையெழுத்துப் போடுவது

"ஓனரிடம் கேட்டேன், அவரிடமே இல்லையாம்" என்று பலர் சொல்வார்கள். அவரிடம் இல்லாவிட்டால் போகட்டும். டெக்சஸில் சங்கங்கள் தங்கள் மேனேஜ்மென்ட் சான்றிதழை மாநில ரியல் எஸ்டேட் கமிஷனிடம் பதிவு செய்தாக வேண்டும். கமிஷன் நடத்தும் எச்ஓஏ தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். மேனேஜ்மென்ட் கம்பெனி யார், சங்கத்தின் இணையதளம் எது என்பது அங்கிருந்து தெரிந்துவிடும். 'சிசி அண்ட் ஆர்' என்று சொல்லப்படும், சங்க விதிகள் அடங்கிய மூல ஆவணம் கவுன்டி கிளார்க் அலுவலகத்திலும் பதிவாகியிருக்கும்.

நீளமான ஆவணம்தான், ஆனால் முழுக்கப் படிக்கத் தேவையில்லை. வாடகைக்கு விடுவது, வண்டிகள், செல்லப்பிராணிகள் ஆகிய மூன்று பகுதிகளையும் படியுங்கள். கூடவே அபராதக் கொள்கையையும் பாருங்கள். எந்தத் தவறுக்கு எவ்வளவு என்ற பட்டியலைச் சங்கம் வெளியிட வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் டெக்சஸில் சட்டமே இருக்கிறது.

வாடகை பற்றிய பகுதியில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கும். சில சங்கங்களில் மொத்த வீடுகளில் இத்தனை சதவீதம்தான் வாடகைக்கு விடலாம் என்று வரம்பு இருக்கும். வீடு வாங்கிய முதல் வருடம் வாடகைக்கு விடக் கூடாது என்பதும் உண்டு. ஓனர் அதை மீறி உங்களைக் குடிவைத்திருந்தால், பிறகு பெட்டி கட்டப்போவது நீங்கள்தான். ஊருக்கு ஊர் சட்டம் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் அந்த வரம்பை 25 சதவீதத்துக்குக் கீழே வைக்கக் கூடாது. டெக்சஸில் உங்கள் லீஸை அனுமதிக்கு அனுப்பச் சொல்லவோ, கிரெடிட் ரிப்போர்ட் கேட்கவோ சங்கத்துக்கு அதிகாரமில்லை. குடியிருப்பவர்களின் பெயர், போன், மெயில், லீஸ் தொடங்கும் தேதி, அதன் காலம் இவற்றைக் கேட்கலாம். இவற்றை ஓனர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

கடிதம் தானாக வந்துசேரும் என்று நம்புவது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை காலை மேனேஜ்மென்ட் ஆள் தெருவில் காரை ஊர்ந்து ஓட்டி வருகிறார். உங்கள் குப்பைத் தொட்டி கராஜ் கதவோரம் நிற்கிறது, மூடி பாதி திறந்திருக்கிறது. கண்ணாடியைக்கூட இறக்காமல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஓனரின் முகவரிக்குக் கடிதம் போகிறது. ஓனர் வேலை மாறி சான் ஹோசேயில் இருக்கிறார், வாரம் ஒருமுறைதான் தபாலைப் பிரிப்பார். "ப்ரோ, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் அந்த போட்டோ உங்களுக்கு வரும்போது கடிதத்தில் கொடுத்த கெடுவில் பாதி கரைந்திருக்கும்.

டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயப்படி, இந்த மாதிரி சரிசெய்யக்கூடிய மீறலுக்கு அபராதம் போடுமுன் எழுத்தில் அறிவித்து, திருத்திக்கொள்ள நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு அனுப்பிய 30 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமையும் உண்டு, ஆனால் அது ஓனருக்கு. இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே மாதிரி மீறலுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் ஒருமுறை எச்சரித்து அவகாசம் கொடுத்திருந்தால், அடுத்த முறை மறுபடி அவகாசம் தர வேண்டியதில்லை. மார்ச்சில் தொட்டிக்குக் கடிதம் வந்தது, எடுத்து உள்ளே வைத்தீர்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். ஜூலையில் அதே தொட்டி அதே இடத்தில் நின்றால் நேராக அபராதம் வரலாம்.

அதனால் லீஸ் எழுதும்போதே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சங்கத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் ஓனர் கைக்கு வந்த மூன்று நாளுக்குள் உங்களுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், அவர் தாமதத்தால் ஏறிய அபராதம் அவருடையது. நல்ல ஓனர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மேனேஜ்மென்ட் போர்ட்டலில் உங்கள் மெயிலையும் சேர்க்க முடியுமா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். கடிதம் வந்தால் அன்றே சரிசெய்து, தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி, அவர் மூலமாகச் சங்கத்துக்குப் போகட்டும். நீங்களே போன் போட்டுச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. "ஓனரோடுதான் பேசுவோம்" என்று வைத்துவிடுவார்கள்.

பழைய மீறலைத் தலையில் ஏற்றுக்கொள்வது

குடிபோகும் நாளில் வீட்டுக்குள் சுவர், கார்ப்பெட், அடுப்பு என்று போட்டோ எடுப்பவர்கள் வெளியே வந்து எடுப்பதில்லை. எச்ஓஏ பார்ப்பதோ வெளியை மட்டும்தான். சாய்ந்த வேலி, சாயம் போன கதவு, ஆடும் மெயில்பாக்ஸ், முன்புறம் பட்டுப்போன மரம், புல்லில்லாத மண் திட்டு எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து ஓனருக்கு மெயில் அனுப்புங்கள். முடிக்கப்படாத மீறல் ஏதாவது கணக்கில் இருக்கிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

'தோட்டப் பராமரிப்பு வாடகைதாரர் பொறுப்பு' என்ற வரி பார்க்கச் சின்னதாக இருக்கும். புல் வெட்டுவது, ஓரம் சீர்செய்வது, களை எடுப்பது உங்கள் வேலை என்றால் சரி. பட்ட மரத்தைப் பிடுங்கிப் புது ஓக் நடுவதும் அதில் அடங்குமா என்று கையெழுத்துக்கு முன்பே தெளிவாகப் பேசிவிடுங்கள். நகராட்சி தண்ணீர்க் கட்டுப்பாடு அமலில் இருக்கும்போது புல் காய்ந்து பழுப்பானதற்காக டெக்சஸ் சங்கங்கள் அபராதம் போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆகஸ்ட் வெயிலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நம் வீட்டுப் பழக்கங்கள்

வாசலில் தோரணம், கதவருகே பிள்ளையார், கோலம் இதற்கெல்லாம் பயந்து அடக்கி வாசிக்க வேண்டாம். மனப்பூர்வமான மத நம்பிக்கையால் வைக்கும் பொருட்களைச் சங்கம் தடுக்கக் கூடாது என்பது டெக்சஸ் சட்டம். 2021-இல் அதை இன்னும் விரிவாக்கினார்கள், கதவோடு நிற்காமல் வீடு, மனை முழுவதற்கும் பொருந்தும். ஓனர் மட்டுமில்லை, குடியிருப்பவரும் அதில் அடக்கம். பொது இடத்தில் வைப்பது, பாதுகாப்புக்கு ஆபத்தானது போன்ற விலக்குகள் உண்டு. சட்டம் கட்டுப்படுத்துவது சங்கத்தைத்தான், ஓனரை அல்ல என்பதால், ஆணி அடிக்க ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

துணி காயப்போடுவது வேறு கதை. துணிக்கொடி கட்டுவதை ஃப்ளோரிடாவில் சங்கம் தடைசெய்ய முடியாது. கலிஃபோர்னியாவில் 2016 முதல் பின்பக்கத் தோட்டத்தில் கொடியோ ஸ்டாண்டோ வைக்கலாம், ஆனால் பால்கனிக் கைப்பிடி கொடி ஆகாது. மற்ற இடங்களில் உங்கள் சங்க விதியைப் பாருங்கள். வேலிக்கு மேல் தலை தெரியாத மடக்கு ஸ்டாண்டுதான் பத்திரம். ஜன்னலில் தற்காலிகமாகப் பெட்ஷீட் தொங்கவிடுவதற்கும் பல இடங்களில் கடிதம் வரும். கறிவேப்பிலை, முருங்கைத் தொட்டிகளைப் பின்பக்கம் வையுங்கள்.

கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் வருகிறவர்கள் கார்களை எங்கே நிறுத்துவார்கள் என்று முன்பே பாருங்கள். டவுன்ஹோம் குடியிருப்புகளில் விருந்தாளியின் காரை இழுத்துப் போய்விடுவார்கள், விருந்து கசந்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள் என்றால் லீஸில் விருந்தினர் தங்கும் நாளுக்கு வரம்பு இருக்கிறதா என்று பார்த்து, முன்கூட்டியே ஓனரிடம் எழுதி வாங்குங்கள்.

ஓனர் சரி என்றால் போதும் என்று நினைப்பது

பாஸ்கெட்பால் வளையம், டிராம்போலின், பின்பக்க நிழற்கூரை, சின்ன ஷெட் இவற்றுக்கெல்லாம் பல சங்கங்களில் கட்டிட அமைப்புக் குழுவின் அனுமதி வேண்டும். ஓனர் வாயால் சரி சொல்வது அனுமதி ஆகாது. விண்ணப்பம் ஓனர் பெயரில் போக வேண்டும், பதில் எழுத்தில் வர வேண்டும். அதற்குப் பிறகு பொருளை வாங்குங்கள்.

நீச்சல் குளத்தைப் பார்த்து வீடு எடுப்பது

விளம்பரத்தில் குளமும் ஜிம்மும் இருந்தால் மட்டும் போதாது. ஓனர் சந்தா பாக்கி வைத்திருந்தால் குளத்துச் சாவி அட்டை வேலை செய்யாமல் போகலாம். கிளப்ஹவுசில் பிறந்தநாள் நடத்த முன்பதிவும் கிடைக்காது. கணக்கில் பாக்கியில்லை என்பதற்கு ஆதாரம் கேளுங்கள், அட்டை உங்கள் பெயருக்கு மாறும் தேதியையும் லீஸில் எழுதுங்கள்.

ஃப்ளோரிடாவில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். ஓனர் பாக்கி வைத்தால், வாடகையை எங்களிடமே கட்டு என்று சங்கம் உங்களுக்கு எழுத்தில் சொல்ல முடியும். அப்படிக் கட்டிய வாடகையை ஓனர் திரும்ப உங்களிடம் கேட்க முடியாது. கட்டாவிட்டால் உங்களைக் காலி செய்யச் சங்கமே வழக்குப் போடலாம். அப்படி ஒரு கடிதம் வந்தால் குப்பைத் தபால் என்று தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வாடகையை அனுப்புமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

காலி செய்யும்போது கணக்குக் கேட்காமல் போவது

அபராதம் என்று ஓனர் ஒரு தொகையைச் சொன்னால், மூலக் கடிதத்தையும் சங்கக் கணக்கின் நகலையும் கேளுங்கள். அபராதம் 50 டாலராக இருக்கும், பதிவுத் தபால் கட்டணமும் வக்கீல் கட்டணமும் அதன் மேல் ஏறியிருக்கும். ஓனர் கடிதத்தைப் பிரிக்காமல் விட்டதால் ஏறியது எது என்று அதில் தெரிந்துவிடும். டெக்சஸில் வீட்டை ஒப்படைத்த 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், கழித்திருந்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியலிட வேண்டும். ஆனால் உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுக்கும்வரை அந்தக் கடமை ஓனருக்கு வராது. சாவியைக் கொடுக்கிற அன்றே முகவரியை மெயிலில் அனுப்புங்கள். தொட்டியைக் கராஜுக்குள் வைத்து, முன்புறத்தை ஒரு போட்டோ எடுத்து அதே மெயிலில் சேர்த்துவிடுங்கள்.