கடல்மீன் தொட்டிக்கு ஹீற்றர்: வாங்குமுன் ஒரு இரவு தண்ணீரை அளந்து பாருங்கள்

மட்டக்களப்பு வெயிலில் மீன்தொட்டிக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்பார்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் வீட்டுத் தொட்டியைக் குளிர்த்துவதுதான் பெரும்பாடு, உண்மை. ஆனால் நான் பராமரிக்கும் தொட்டி பாசிக்குடாவில், ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் நிற்கிறது. அங்கே ராப்பகலாய் ஏசி 20 பாகையில் ஓடும். தொட்டியும் அதற்குக் கீழே உள்ள சம்பும் (அறை அறையாகத் தடுத்த துணைத் தொட்டி, அங்கிருந்து பம்ப் நீரை மேலே ஏற்றும்) சேர்த்து 1200 லீற்றர் கடல்நீர். கோமாளி மீன்களுக்கும் நீல டாங் மீனுக்கும் 26 பாகை இருந்தால் நல்லது. அந்த ஆறு பாகை இடைவெளியை ஹீற்றர்தான் தாங்க வேண்டும்.

என் தொழில் வயரிங். கல்லடியில் கடை. தொட்டி என் கைக்கு வந்த புதிதில், 1000 வோட்ஸ் டைட்டானியம் ஹீற்றர் ஒன்றையும், சென்சரால் தண்ணீரின் சூட்டை அளந்து அதைப் போட்டு அணைக்கும் ஒரு கொன்ட்ரோலரையும் பூட்டி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை சம்பைக் கழுவும்போது சென்சர் வயரை எடுத்து மூடிமேல் வைத்தவன், திரும்பப் போட மறந்துவிட்டேன். திங்கள் காலை செங்கலடி, கிரான் தாண்டிப் போய் இறங்கி, கண்ணாடியில் கை வைத்தேன். வெதுவெதுப்பு. தெர்மோமீற்றர் 33 காட்டியது. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சூடான நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு. இரண்டு மீன் அடியில் கிடந்தன. “மாமா, இந்த வயர் வெளிய கிடக்கு” என்று மருமகன் தூக்கிக் காட்டினான். சென்சர் தண்ணீரை அல்ல, ஏசிக் காற்றை அளந்திருக்கிறது. 20 பாகை என்று கண்ட கொன்ட்ரோலர் இரண்டு நாள் ஹீற்றரை அணைக்கவே இல்லை.

அன்றிலிருந்து நான் ஹீற்றர் தேர்ந்தெடுப்பது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இது அணையாமல் சிக்கிக்கொண்டால் தண்ணீர் எவ்வளவு சூடாகும்? தெர்மோஸ்டாற் (சூடு போதுமானதும் ஹீற்றரைத் தானே அணைக்கும் சுவிட்ச்) கருகி, ஒட்டிக்கொண்டபடியே நிற்பது ஹீற்றர்களில் அடிக்கடி வருகிற கோளாறு. குளிரில் மீன் சோர்ந்து கிடக்கும், நமக்குக் காப்பாற்ற நேரம் இருக்கும். சூடு அந்த நேரத்தைத் தராது.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். தண்ணீர் 26 பாகையில் இருக்கும்போது இரவு பத்து மணிக்கு ஹீற்றரை நிறுத்துங்கள். பம்பும் ஏசியும் வழக்கம்போல் ஓடட்டும். இரண்டு மணிக்கு மீண்டும் பாருங்கள். எங்கள் தொட்டியில் நான்கு மணித்தியாலத்தில் 1.2 பாகை இறங்கியது, அதாவது மணிக்கு 0.3. ஒரு லீற்றர் கடல்நீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 1.14 வோட்-மணி சக்தி வேண்டும். 1200ஐ 0.3ஆலும் 1.14ஆலும் பெருக்கினால் சுமார் 410. அந்த அறை என் தொட்டியிலிருந்து இழுத்துக்கொள்ளும் சூடு 410 வோட்ஸ். பெட்டியில் ‘இத்தனை லீற்றருக்கு’ என்று அச்சடித்திருக்கும் கணக்கு உங்கள் அறையைப் பார்த்து எழுதியதல்ல.

இதற்கு நான் போட்டிருப்பது 300 வோட்ஸ் ஹீற்றர் மூன்று. ஒன்று செத்தாலும் மீதி 600 வோட்ஸ் போதும். ஒன்று அணையாமல் சிக்கினாலும், ஏசி ஓடும்வரை அந்த 300 தனியாகத் தண்ணீரைச் சுட வைக்காது. ஏசி நின்றால் கதை வேறு. அதனால் இரண்டு பூட்டு வைத்திருக்கிறேன்: கொன்ட்ரோலர் 26இல், ஹீற்றர்களின் சொந்தத் தெர்மோஸ்டாற் 27இல். ஒன்று பழுதானால் மற்றது நிறுத்தும். டைட்டானியம் ஹீற்றர் பலவற்றில் சொந்தத் தெர்மோஸ்டாற் கிடையாது, பார்த்து வாங்குங்கள். உடையாது என்பது அதன் பெரிய பலம். கண்ணாடிக் குழாய் ஹீற்றர் மலிவு. ஆனால் சூடாய் இருக்கும்போது நீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும். சாதாரண இரும்பு, ஸ்டீல் பக்கமே போகாதீர்கள், உப்புநீர் தின்றுவிடும்.

கனடாவில் இருந்து மச்சான் அனுப்பினான் என்று ஹீற்றரோடு வருகிறவர்களுக்கு: அது 120 வோல்ற்றுக்குச் செய்தது, நம்முடையது 230. பிளக் அடப்டர் முள்ளை மட்டும்தான் மாற்றும். 300 வோட்ஸ் ஹீற்றர் இங்கே 1100 வோட்ஸ் இழுத்துக் கருகும். பூட்டவே வேண்டாம்.

வைக்கும் இடம் சம்புக்குள், நீரோட்டம் உள்ள, மட்டம் மாறாத அறை. பம்ப் நிற்கும் கடைசி அறையில் வைக்கக்கூடாது. ஆவியாகும் நீரெல்லாம் அங்கேதான் குறைந்து காட்டும், ஹீற்றர் வெளியே தெரிந்துவிடும். படுக்கவைத்தால் இன்னும் நல்லது. சென்சரைக் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

வயரிங்காரனாக இன்னொன்று. மின் கசிந்தால் உடனே சப்ளையை வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத சுற்றில் தொட்டியைப் பூட்டாதீர்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ற் பொத்தானை அமர்த்திப் பாருங்கள். பிளக்குக்கு முன் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் உப்புநீர் அங்கேயே சொட்டிவிடும். தண்ணீர் மாற்றும் நாளில் முதலில் ஹீற்றர் பிளக்கைக் கழற்றி, கால் மணித்தியாலம் ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீரை இறக்க வேண்டும். சனிக்கிழமைகளில் மருமகன் முதலில் பிளக்கைக் கழற்றுகிறான், வேலை முடிந்ததும் சென்சர் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே மூடியைப் போடுகிறான்.