ஜப்பானிய ஜாஸைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் ஜாஸ் பரவிய வரலாற்றை, 1945-இல் அமெரிக்கப் படைகள் வந்து இறங்கியதிலிருந்து தொடங்குவது பலரும் செய்யும் தவறு. 1923-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் டோக்கியோவும் யோகோஹாமாவும் சிதைந்தபின், ஒசாகாவின் டோட்டோன்போரி வட்டாரத்து நடன அரங்குகளில் ஜாஸ் தழைத்தது. அங்கே ஜப்பானியருக்கு வழிகாட்டியவர்களில் பலர் அமெரிக்கர் அல்லர். அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்த பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இசைக்கலைஞர்கள். ஷாங்காய்க்குச் சென்று, அங்கிருந்த பன்னாட்டு இசைக்குழுக்களிடம் தொழில் பழகித் திரும்பிய ஜப்பானியரும் உண்டு. 1940-இல் நடன அரங்குகள் மூடப்பட்டன. 1943-இல் எதிரி நாட்டு இசை என்று ஜாஸுக்குத் தடை வந்தது. போருக்குப்பின் நடந்தது, அறுபட்ட ஒன்றின் தொடர்ச்சி.

அந்தத் தொடர்ச்சியைச் சுதந்திர உணர்வின் மலர்ச்சியாக மட்டும் வருணிப்பதும் பொருந்தாது. படைமுகாம்களில் அதிகாரிகளுக்கும் சாதாரணச் சிப்பாய்களுக்கும் தனித்தனிக் கேளிக்கை மன்றங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்ட இசை வேறு. ஜப்பானியக் கலைஞர்கள் தேர்வுக்கு உட்படுத்தப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, தரத்துக்கேற்பக் கூலி பெற்றார்கள். உணவே அரிதாக இருந்த காலத்தில் அது முதலாவதாகப் பிழைப்பு. அதைச் சொல்லாமல் விட்டால், தோற்ற நாட்டினரும் வென்ற நாட்டினரும் சமமாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்ற பொய்த் தோற்றம் உண்டாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஜப்பானியர் அமெரிக்கரை நகலெடுத்தார்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது. யோகோஹாமாவில் 1933-இல் தொடங்கப்பட்ட சிகுசா என்ற காப்பிக் கடையை எடுத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகள் 1945-இன் விமானத் தாக்குதலில் எரிந்துபோயின. போர் முடிந்தபின் கடை மீண்டும் திறந்தது. வெளிநாட்டு இசைத்தட்டை விலைகொடுத்து வாங்க வழியில்லாத இளைஞர்கள் ஒரு கோப்பைக் காப்பியுடன் மணிக்கணக்கில் அமர்ந்து, ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகத் தாளில் எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் இளம் கலைஞர்கள் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் வாசிப்பை இசைத்தட்டிலிருந்து கேட்டுத்தான் பழகினார்கள். கேள்வி ஞானம் ஜாஸின் குருகுலம்; நியூயார்க் இளைஞனுக்குப் பயிற்சியாக இருப்பது யோகோஹாமா இளைஞனுக்கு வந்ததும் நகல் ஆகிவிடுவதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

சிகுசாவில் அப்படி அமர்ந்து கேட்டவர்களில் ஒருவர் தோஷிகோ அகியோஷி. 1929-இல் மஞ்சூரியாவில் பிறந்து, போர் முடிந்தபின் குடும்பத்துடன் ஜப்பான் திரும்பி, பெப்பு நகர நடன அரங்கில் பியானோ வாசிக்கத் தொடங்கியவர். 1953-இல் டோக்கியோவில் அவருடைய வாசிப்பைக் கேட்ட பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன், அவரை இசைத்தட்டுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸிடம் பரிந்துரைத்தார். 1956-இல் அகியோஷி பாஸ்டனின் பெர்க்லி இசைப்பள்ளியில் சேர்ந்தார். அதே பள்ளியில் 1962 முதல் 1965 வரை பயின்ற சாக்ஸபோன் கலைஞர் சதாவோ வாதனாபே, நாடு திரும்பியதும் தாம் கற்றதைத் தோழர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கோட்டோ என்ற நரம்பு வாத்தியம், ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் போன்ற மரபு வாத்தியங்கள் ஒலித்தால்தான் அது ஜப்பானிய ஜாஸ் என்று கருதுவது இன்னொரு தவறு. அகியோஷி தம் கணவர் லூ டபாக்கினுடன் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய பெரிய இசைக்குழுவின் முதல் இசைத்தட்டான கோகுனில், நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் குரலும் ட்சுட்சுமி முழவும் வருகின்றன. அந்த முழவின் அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஜாஸின் ஸ்விங் தாளம்போல எண்ணிக்கொண்டே போகக்கூடியதன்று. அது நீண்டும் சுருங்கியும் நிற்க, அதன்மேல் பித்தளை வாத்தியங்கள் எழும்போது, இரண்டு விதமான காலக் கணக்குகள் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே நிற்பதைக் கேட்கலாம். பிலடெல்பியாவில் பிறந்த டபாக்கினின் புல்லாங்குழலிலேயே ஷாகுஹாச்சியின் மூச்சு கலந்திருக்கிறது. ஆனால், சப்போரோ நகரைச் சேர்ந்த ரியோ ஃபுகுயி 1976-இல் வெளியிட்ட சீனரி என்ற இசைத்தட்டில் மரபு வாத்தியம் ஒன்றுகூட இல்லை. இருபத்திரண்டு வயதில் தாமாகவே பியானோ கற்கத் தொடங்கியவர், பெரும்பாலும் அமெரிக்கப் பாடல்களைத்தான் வாசிக்கிறார். அதனால் அவரைக் குறைந்த ஜப்பானியர் என்று சொல்ல முடியுமா?

மரபு என்று நாம் நம்புவதும் சில நேரம் நம்மை ஏமாற்றும். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1967-இல் வெளியான தம் இசைத்தட்டில் ஜப்பானிய நாட்டுப்புறப் பாடல் என்ற பெயரில் வாசித்தது உண்மையில் கோஜோ நோ ட்சுகி. ரெண்டாரோ தாகி என்ற இளைஞர் ஐரோப்பிய இசையைப் பயின்று, 1901-இல் பள்ளிப் பாட்டுத் தொகுப்புக்காக இயற்றிய மெட்டு. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த இசை அங்கே உருமாறி, மங்கின் விரல்களில் மீண்டும் உருமாறியது என்பதே அதன் சரியான வரலாறு.

1961 ஜனவரியில் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியும் அவர் குழுவினரும் வந்தபோது ஜப்பானிய ரசிகர்கள் காட்டிய பேரன்பு, தாய்நாட்டில் நிறவெறியைச் சுமந்த கறுப்பினக் கலைஞர்களை ஆழமாகத் தொட்டது. இதை எழுதும்போது மறுபக்கத்தையும் எழுத வேண்டும். உண்மையான ஜாஸ் கறுப்பினத்தவருக்கு மட்டுமே கைவரும் என்ற எண்ணம் ஜப்பானிய ரசிகர்களிடையே வலுவாக இருந்தது. வெளிநாட்டுக் குழுக்கள் அடுத்தடுத்து வரவர, உள்ளூர்க் கலைஞர்கள் தங்கள் ரசிகர்களிடமே தங்களை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

இசைத்தட்டு நிறுவனங்களின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தவறே. அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1975 பிப்ரவரி 1 அன்று ஒசாகாவில் பகலிலும் மாலையிலும் நடத்திய இரண்டு கச்சேரிகளைப் பதிவுசெய்தது, அவருடைய நிறுவனம் சோனியுடன் சேர்ந்து ஜப்பானில் நடத்திய கூட்டு நிறுவனம். பகல் கச்சேரி அகார்தா என்ற பெயரில் வந்தது. மாலைக் கச்சேரியான பாஞ்சியா ஜப்பானில் 1976-இல் விற்பனைக்கு வந்திருக்க, அமெரிக்காவில் 1990 வரை வெளியாகவில்லை. அமெரிக்கக் கலைஞர்களான ஹேங்க் ஜோன்ஸ், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் மூவரும் 1977-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் மன்றத்தில் வாசித்ததைப் பதிவுசெய்து வெளியிட்டதும் ஈஸ்ட் விண்ட் என்ற ஜப்பானிய நிறுவனந்தான்.