காரை வீட்டைப் புதுப்பிக்கும்போது

செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும், காரை எனப்படும் சுண்ணாம்புச் சாந்தும். அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். நாளடைவில் உப்புப் பூத்து, செங்கல் மாவாய் உதிரும்.

முதலில் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) வரும் வழியை அடைத்துவிடுங்கள்: உடைந்த ஓடு, ஒழுகும் தூம்பு, உள்தரையைவிட உயர்ந்துவிட்ட வெளித்தரை. பிறகு சிமெண்ட் பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தை ஓதம் ஏறிய கோட்டுக்கு மேல் ஒரு அடிவரை கொத்தி எடுங்கள். செங்கல் இணைப்புகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டி, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற்றி, 15 நாளாவது தண்ணீரில் ஊறப்போடுங்கள். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு சலித்த மணல். அடிச்சுவருக்கு அந்த மணலில் 1 பங்கு செங்கல்தூளாக இருக்கட்டும். சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல் பூசி, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் காயாமல் காக்க வேண்டும். வெயிலில் விட்டால் மயிர்வெடிப்பு நிச்சயம். மேலே வெள்ளையடிப்பு போதும், எமல்ஷன் வேண்டாம்.

குளியலறை, சமையலறையைப் பின்கட்டில் புதிதாகக் கட்டுங்கள். பழைய சுவரோடு பிணைக்காமல் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டினால் பழைய சுவர் இறங்கிவிடும். முற்றத்தை மட்டும் மூடாதீர்கள். வீட்டின் காற்றும் வெளிச்சமும் அதுதான்.